கிறிஸ்துமஸ் லீவுக்கு இளைஞர் குழு எந்த ஊர் விழாவுக்கு உதவிக்குப் போகலாம்?

அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போதே குமரி மாவட்டத்தில் எந்தச் சபையின் வாலிபர் ஐக்கியத்திலும், எந்தக் கத்தோலிக்கப் பங்கின் இளைஞர் இயக்கத்திலும் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்த வருஷமும் சும்மா டூர் போக வேண்டாம், லீவில் ஏதாவது ஒரு ஊர் விழாவுக்கு வாலண்டியராகப் போவோம். இதுவரை எல்லாருக்கும் சம்மதம். எங்கே என்று கேட்டதும்தான் கூட்டம் நாலாகப் பிரியும். ஒருத்தன் பக்கத்து ஊர் கிளப் என்பான், ஒருத்திக்குக் கடற்கரை ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்த ஆசை, இன்னொரு கூட்டம் பேச்சிப்பாறைப் பக்கம் மலைக்குப் போகலாம் என்று நிற்கும். மலை என்று சொல்கிறவர்கள் மனதில் போகிற வழியில் திற்பரப்பு அருவியும் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் சத்தமாகப் பேசுகிறவன் கட்சி ஜெயிக்கும், அப்புறம் வேன் பேசுவார்கள், எதற்குப் போகிறோம் என்பது வேனில் ஏறியபிறகுதான் யோசனைக்கு வரும்.

பொறுப்பாளர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு வழியிலும் என்ன இருக்கிறது, எங்கே கையைக் கடிக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, யார் கூப்பிட்டார்கள், எந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பது. "வாங்க, நெறைய வேலை கெடக்கு" என்பதை நான் அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "சாக்கு ஓட்டம், ஸ்பூன் எலுமிச்சை, மியூசிக் சேர் மூணையும் ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நீங்க நடத்தித் தரணும், பேரு எழுத நாலு பேரு வேணும்" என்றால் அது அழைப்பு. வேலை இன்னதென்று தெரியாத இடத்துக்கு முப்பது பேர் போய் இறங்கினால் பத்து பேர் ஓடியாடுவார்கள், மீதிப் பேர் ஐஸ் வண்டிப் பக்கம் நிற்பார்கள், விழா நடத்துகிறவர்களுக்கு அந்த மீதிப் பேருக்கும் சேர்த்துக் காப்பியும் கிழங்கும் கொடுக்கிற வேலை கூடும். கீழே வரும் மற்ற எல்லாக் கணக்கையும்விட இதைத்தான் நான் மேலே வைப்பேன்.

அடுத்தது தேதி. லீவு ஒன்பது பத்து நாள் இருப்பதுபோலத் தெரியும், எண்ணிப் பார்த்தால் மிஞ்சாது. 24 இரவும் 25 காலையும் கோவிலில். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் கேரல் ரவுண்ட், குடில் வேலை, பாட்டுப் பயிற்சி என்று பிள்ளைகள் சரியாகத் தூங்கியே இருக்க மாட்டார்கள். 31 இரவு புத்தாண்டு ஆராதனை. ஆக 27 முதல் 30 வரைதான் கையில் இருக்கிறது, அதில் ஒரு ஞாயிறு விழுந்தால் அதுவும் குறையும். 26ஐப் பற்றிக் கடற்கரைப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது, திரும்பி வருகிற நேரம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், போலீஸ் அனுமதிக் கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மைக் நின்ற பிறகுதான் நாற்காலி அடுக்குவதும் பரிசுக் கணக்கு பார்ப்பதும் தொடங்கும். பெண்பிள்ளைகளை அனுப்புகிற வீட்டில் முதலில் கேட்பது "எத்தன மணிக்கு கொண்டு விடுவிய?" என்பதுதான், அதற்கு உறுதியான பதில் சொல்ல முடியாத விழா எவ்வளவு நல்ல விழாவாக இருந்தாலும் உங்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கிடையாது.

நான்காவது, பெரியவர்கள் எண்ணிக்கை. பதினெட்டு வயதுக்குக் கீழே பத்து பேர் என்றால் பொறுப்பான பெரியவர் ஒருவர், பெண்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கட்டாயம் ஒரு அக்காவோ டீச்சரோ. எங்கள் கணக்கு இது, நீங்கள் கூட்டிக்கொள்ளலாம், குறைக்காதீர்கள்.

ஐந்தாவது காசு. வேன் வாடகையை எல்லாரும் கணக்கில் எழுதுவார்கள். எழுத மறப்பது பரிசுப் பொருள், முதலுதவிப் பெட்டி, முன்கூட்டி ஒரு தடவை போய்ப் பார்த்து வருகிற செலவு. டீ-ஷர்ட்டை யாரும் மறக்க மாட்டார்கள், நான் மறக்கச் சொல்கிறேன். முதுகில் குழுவின் பெயர் போட்ட டீ-ஷர்ட்டுக்குப் போகிற காசில் ஒரு விழாவின் மொத்தப் பரிசும் வாங்கிவிடலாம். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கினால் போதும்.

| விழா | நாள் | எத்தனை பேர் போதும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| பக்கத்து ஊர் கிளப் | டிசம்பர் 27–30 | 20–30 | பரிசுப் பொருள், மறுநாள் துப்புரவு |
| கடற்கரை ஊர் | 27க்கு மேல் | 8–10 | கடலைப் பார்த்து நிற்க ஒரு ஆள் |
| மலையோரம் | பகல் மட்டும் | 12–15 | வேன் இரண்டு தடவை, அனுமதிக்கு அலைச்சல் |
| நகரத்துப் பெரிய விழா | எந்த நாளும் | 6 அல்லது 8 | பிள்ளைகளின் கைச்செலவு |
| பொங்கல் விளையாட்டு விழா | ஜனவரி 14ஐ ஒட்டி | 15–20 | சபைக்குள் பேசி முடிக்கிற நேரம் |

## பக்கத்து ஊர் கிளப் விழா

நம் மாவட்டத்தில் ஒரு படிப்பகமோ ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்போ இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அவர்கள் நடத்துகிற விழாவில் எல்லாம் இருக்கும்: உறியடி, வடம் இழுத்தல், வழுக்கு மரம், சாக்கு ஓட்டம், பெண்களுக்கு ஊசியில் நூல் கோர்ப்பது, சாயங்காலம் பிள்ளைகள் நடனம், ஒரு பலூன் சுடும் கடை, ஒரு ஜம்பிங் பலூன். நடத்துவது உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர். அவர்களே வசூலுக்குப் போகணும், பந்தல் போடணும், மைக் செட்காரரிடம் பேசணும், அவர்களேதான் வடம் இழுக்கவும் இறங்கணும். உண்மையிலேயே ஆள் தேவைப்படுகிற இடம் இது.

எங்கே தேவை என்றால், சிறுபிள்ளைகள் விளையாட்டில். பெரியவர்கள் போட்டிக்கு நடுவராக நிற்க ஊரில் ஆயிரம் பேர் வருவார்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஸ்பூன் எலுமிச்சைக்கு யாரும் வர மாட்டார்கள். அங்கேதான் சண்டை அதிகம். "அண்ணே, அவன் கட்ட விரல வெச்சிப் பிடிச்சிட்டு ஓடுனான்" என்று ஒரு கூட்டம் வரும், தோற்ற பிள்ளையின் அம்மா ஒரு பக்கம் வருவார், மைக்கில் அடுத்த போட்டியை அறிவித்துவிடுவார்கள். பெயர் எழுத ஒருத்தர், கோட்டில் நிறுத்த ஒருத்தர், முடிவுக் கோட்டில் இரண்டு பேர், ஜெயித்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் பரிசு மேசையில் ஒப்படைக்க ஒருத்தர் என்று ஒரு விளையாட்டுக்கு ஐந்து பேர் வேண்டும். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், முதல் பரிசு வாங்கிய பிள்ளை கூட்டத்துக்குள் போய்விடும், ராத்திரி எட்டு மணிக்குப் பரிசு கொடுக்கும்போது அந்தப் பெயருக்கு மூன்று பேர் மேடை ஏறுவார்கள்.

சின்ன விஷயங்கள் சில. கோடு போட சுண்ணாம்புத் தூள் வேண்டாம், விழுந்து எழுந்து கண்ணைக் கசக்குகிற வயசு, கோலமாவு போதும். சாக்கு ஓட்டத்துக்கு உரச் சாக்கை வாங்கிவிடாதீர்கள், அரிசிச் சாக்கு பார்த்து வாங்குங்கள். உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு வீசுகிறவரைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை நிறுத்த வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்கிற வேலை பெரிய பையன்களுக்கு. வழுக்கு மரத்தில் உங்கள் பையன்கள் ஏறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எண்ணெய் தேய்த்த கமுகைப் பார்த்ததும் அவர்கள் வாலண்டியர் என்பதை மறந்துவிடுவார்கள். கேஸ் பலூன் விற்கிறவர் வந்தால் சிலிண்டரைப் பிள்ளைகள் கூட்டத்திலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்ல கமிட்டிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களாகப் போய்ச் சொன்னால் தகராறு.

காசு போவது பரிசில். கிளப் வடம் இழுத்தலுக்கு வாழைக்குலையும் ரொக்கமும் வைத்துவிடும், பிள்ளைகளுக்கு என்று வரும்போது கை சுருங்கும், அதை உங்களிடம் கேட்பார்கள். கொடுப்பதாக இருந்தால் எவர்சில்வர் டம்ளரோ டிபன் பாக்ஸோ வாங்குங்கள், வீட்டில் கிடந்து புழங்கும். அடுத்து மறுநாள் காலை. மைதானம் முழுக்கக் கப்பும் தட்டும் கிடக்கும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் விழா மைதானத்துக்கு அது எப்படியோ வந்துவிடுகிறது. உங்கள் குழுவில் ஆறு பேர் மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாக்கோடு போய் நிற்க முடியும் என்றால் அடுத்த வருஷம் அந்த ஊரே உங்களைக் கூப்பிடும்.

முதல் தடவை போகிற குழு, பள்ளிப் பிள்ளைகள் அதிகம் உள்ள குழு, காசு குறைவாக உள்ள குழு மூன்றுக்கும் இதுதான் என் கட்சி. நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போய்வருகிற தூரத்தில் பாருங்கள், சிறுபிள்ளைகள் விளையாட்டு சாயங்காலம் ஆறுக்கு முடியும், உங்கள் பிள்ளைகள் ஏழுக்கு வீட்டில் இருப்பார்கள். டூர் போன சந்தோஷம் இருக்காது என்று முகம் தூக்குவார்கள், அது உண்மைதான்.

## கடற்கரை ஊர்

உள்நாட்டுச் சபைகளின் பையன்களுக்குக் கடற்கரை ஊர் என்றால் ஆள் இல்லாமல் தவிக்கிற இடம் என்று ஒரு நினைப்பு. அப்படி இல்லை. குமரிக் கடற்கரையில் பங்குப் பேரவை, அன்பியங்கள் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு ஜெபக் குழுக்கள்), இளைஞர் இயக்கம் என்று ஊர் முழுக்க ஏற்பாடு இருக்கிறது, குடில் போட்டி முதல் திருவிழாத் தேர் வரை அவர்களே நடத்துகிறார்கள். முப்பது பேர் போய் இறங்கினால் உங்களைக் கவனிப்பதுதான் அவர்களுக்கு வேலை.

தேதியும் இங்கே தனி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் இழந்தது கொஞ்சமல்ல. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் நடக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாருக்கும் லீவுதானே என்று அன்றைக்கு அங்கே மியூசிக் சேர் நடத்த யாராவது திட்டம் போட்டால், அவர்கள் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம்கூடப் பேசவில்லை என்று அர்த்தம். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு கிறிஸ்துமஸுக்குத்தான் கரைக்கு வருகிறார்கள். அப்பா வீட்டில் இருக்கிற அந்தச் சில நாளில் பிள்ளை உங்கள் விளையாட்டுக்கு வரவில்லை என்றால் வருத்தப்படவும் கூடாது.

அப்புறம் கடல். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு "ஒரு அஞ்சு நிமிஷம் கால் நனைச்சிட்டு வாறோம்" என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. காற்றும் மழையும் இல்லாமல் எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை கரையில் வந்து ஏறுவதுதான் கள்ளக்கடல், பார்த்தால் தெரியாது. உங்கள் பெரியவர்களில் ஒருவருக்கு அன்றைக்கு முழுக்கக் கரையைப் பார்த்து நிற்பதுதான் வேலை. அந்த ஒரு ஆள் கையில் இல்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

எப்போது போகலாம்? அந்த ஊர் இளைஞர் இயக்கத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்து, அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருந்தால். நர்சிங் படிக்கிற நாலு அக்காமார் முதலுதவி மேசை போடலாம், பொம்மலாட்டம் தெரிந்தவர்கள் போகலாம், முகத்தில் பூனை மீசை வரைகிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் போனால் மாலை வரை வரிசை நிற்கும். எட்டு பத்து பேர் போதும், அவர்கள் சொல்கிற மூலையில் நின்று செய்துவிட்டு வாருங்கள்.

## மலையோரம்

ஆசையில் இதுதான் முதலிடம், அலைச்சலிலும் இதுதான். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும், கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் கழகத் தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. காணிக் குடியிருப்புகளில் சிலவற்றுக்கு அணையில் படகேறித்தான் போக வேண்டும். காட்டுக்குள் இருக்கிற இடத்துக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் வேனைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது, அந்த அனுமதிக்கு லீவு தொடங்கியபிறகு அலைந்தால் கிடைக்கும்போது லீவு முடிந்திருக்கும். பகலிலேயே முடித்துவிட்டு வெயில் இருக்கும்போதே இறங்கணும், யானை நடமாட்டம் உள்ள பாதை. டிசம்பரிலும் மழை ஓயாது, பல இடத்தில் போனில் சிக்னல் இருக்காது, புல்லுக்குள் போனால் காலில் அட்டை ஏறும். ஒரு தடவை முன்னாலேயே போய்ப் பார்த்து வராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது, அதனால்தான் வேன் செலவை இரண்டு தடவை என்று எழுதினேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மலைக்குப் போகிற குழு விழாவுக்கு உதவப் போவதாகக் கிளம்பி, பழைய துணி மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுபோய், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கொடுத்து, போட்டோ எடுத்துத் திரும்புவதில்தான் பெரும்பாலும் முடிகிறது. அங்கே விழாவே கிடையாது, நாமே ஒன்றை ஏற்பாடு செய்து நாமே அதில் வாலண்டியராக நிற்கிறோம். அங்குள்ள பள்ளி ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ சபை ஊழியரோ "இன்ன நாளில் நாங்க பிள்ளைகளுக்கு விளையாட்டு வெச்சிருக்கோம், வந்து ஒத்தாசை பண்ணுங்க" என்றால் மட்டும் போவது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. காலேஜ் வயசுப் பிள்ளைகள் பன்னிரண்டு பதினைந்து பேர், விளையாட்டுச் சாமான், அவரவர் கட்டுச்சோறு, இவ்வளவோடு போகலாம். திற்பரப்பில் குளிப்பதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## நகரத்துப் பெரிய விழா

நாகர்கோவில், மார்த்தாண்டம் மாதிரி இடங்களில் டிக்கெட் போட்டு நடத்துகிற கண்காட்சி, கடைத்தெரு மாதிரியான விழாக்களைச் சொல்கிறேன். பஸ் வசதி இருக்கிறது, வேன் வேண்டாம். கிடைக்கிற வேலை வண்டி நிறுத்துமிடம், டிக்கெட் கிழிப்பது, காணாமல் போன பிள்ளைகள் மேசை. கடைசி வேலை ஒன்றுதான் கற்றுக்கொள்ள உருப்படியானது, அதையும் பெரியவர்களோடு சேர்ந்துதான் பார்க்கணும். ராட்டினக்காரருக்கு ஒத்தாசையாக யாரையும் நிற்க விடாதீர்கள். கூட்டமும் கடைகளும் இருப்பதால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த காசை அங்கேயே தீர்த்துவிட்டு வரும். மொத்தக் குழுவுக்கு இது ஒத்துவராது, தனியாக ஆறு அல்லது எட்டு பேர் போவதற்குச் சரி.

## பொங்கல் வரை தள்ளிப் போடலாமா?

இதை யாரும் யோசிப்பதில்லை, நான் வலியச் சொல்லிப் பார்ப்பேன். டிசம்பரில் கேரலும் ஆராதனையுமாக அலுத்துப்போன பிள்ளைகளுக்கு ஜனவரி நடுவில் மூச்சு விட நேரம் இருக்கும், மழையும் பெரும்பாலும் விட்டிருக்கும், அதே கிளப்புகள் அதே விளையாட்டுகளைப் பொங்கலுக்கும் நடத்துகின்றன, பல ஊரில் அதுதான் பெரிய விழா. தெருவில் பாதி வீடு இந்து, பாதி வீடு கிறிஸ்தவம் என்று இருக்கிற மாவட்டம் இது. 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டமும் இதுதான், சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகப் பேசித் தணித்ததை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு இடத்தில் சர்ச் பிள்ளைகள் வந்து பொங்கல் விளையாட்டுக்குப் பெயர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஊர் கவனிக்காமல் இருக்காது.

அதனாலேயே இங்கே ஒரு கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும்: துண்டுப்பிரசுரம், மேடையில் விசுவாச சாட்சி சொல்வது, குழுவின் பேனர் எதுவும் கிடையாது. அதற்குச் சம்மதம் இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சபைக்குள்ளும் பேச்சு வரும். கத்தோலிக்கக் கோவில்களில் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள், அங்கே சிக்கல் குறைவு. மற்றச் சபைகளில் சில பெரியவர்களுக்கு இது உறுத்தும். சபை ஆயரிடம் டிசம்பருக்கு முன்பே பேசி ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் நல்லது, போஸ்டர் ஒட்டியபிறகு போய்க் கேட்டால் அவரும் என்ன செய்வார். லீவு நாள் குறைவு, அதனால் ஒரே ஒரு பகல் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் உள்ள குழுவுக்கு, ஏற்கெனவே ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் கை பழகியிருந்தால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

## கமிட்டிக்காரரிடம் பேசும்போது

நவம்பர் கடைசிக்குள் போன் பண்ணிவிடுங்கள், கமிட்டி நோட்டீஸ் அச்சடிக்கிற நேரம் அது. எத்தனை பேர் வருகிறோம், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை, எத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் பயன்படுத்தக் கழிப்பறை எந்த வீட்டில் அல்லது எந்தப் பள்ளியில் என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், சாயங்காலக் காப்பிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு, என்ன வேலை என்று நேராகக் கேளுங்கள். ஒரு வேலையின் பெயர் சொன்னால் இரண்டு பேரை அனுப்பி மைதானத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். "அதெல்லாம் நீங்க வாங்க, வந்த பெறவு பாத்துக்கலாம்" என்றுதான் பதில் வந்தால், வாலண்டியராகப் போக வேண்டாம், சாயங்காலம் குடும்பத்தோடு போய் நாலு கடையில் வாங்கித் தின்று வடம் இழுப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த வருமானமாவது அவர்களுக்குக் கிடைக்கும்.